ஐஎஸ்ஓவ பென்டிரைவ்ல காப்பி பண்ணா ஏன் பூட் ஆகல? பழைய லேப்டாப்புக்கு லைட்டான லினக்ஸ் ஏத்துற முழு கதை

தம்பி கேட்டது இதுதான். அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கத்துல குடுத்த இலவச லேப்டாப் வீட்ல சும்மா கிடக்கு, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7, ஆன் பண்ணா டெஸ்க்டாப் வரவே அஞ்சு நிமிஷம். லைட்டான லினக்ஸ் போடலாம்னு ஐஎஸ்ஓ (முழு சிஸ்டமும் அடங்கின ஒத்த ஃபைல்) டவுன்லோட் பண்ணி 16 ஜிபி பென்டிரைவ்ல காப்பி பேஸ்ட் பண்ணி சொருகினா "ரிமூவ் டிஸ்க்ஸ் ஆர் அதர் மீடியா"னு கருப்பு ஸ்கிரீன்ல வந்து நிக்குது. பென்டிரைவ் போச்சா, லேப்டாப் போச்சா, ஐஎஸ்ஓ தப்பா?

மூணும் நல்லாதான் இருக்கு. சொல்லப்போனா அந்த மெசேஜே நல்ல செய்திதான். அது லேப்டாப் சொல்ற மெசேஜ் கிடையாது, உங்க பென்டிரைவ் சொல்றது. பென்டிரைவை ஃபார்மேட் பண்ணும்போது அதோட பூட் செக்டர்ல (ஆன் ஆகும்போது முதல்ல படிக்குற இடம்) குட்டியா ஒரு புரோகிராம் எழுதுவாங்க, "என்கிட்ட பூட் பண்ண ஒண்ணும் இல்ல, என்னை எடுத்துட்டு ஒரு கீ அமுக்கு"னு சொல்றது மட்டும்தான் அதோட வேலை. அப்படின்னா உங்க லேப்டாப் பென்டிரைவை பாத்துடுச்சு, படிச்சுடுச்சு, அதுல இருந்த புரோகிராமை ஓட்டியும் பாத்துடுச்சு. பாதி கிணறு தாண்டியாச்சு.

தப்பு எங்கன்னா காப்பி பேஸ்ட்ல. ஐஎஸ்ஓவ பென்டிரைவ்ல "போடறது" வேற, "எழுதறது" வேற. இத ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் பத்து நிமிஷ வேலை, அதனால இதுல கொஞ்சம் நிதானமா போறேன்.

பழைய லேப்டாப்ல ஆன் பண்ணதும் முதல்ல ஓடற பயாஸ்னு ஒரு புரோகிராம் இருக்கே, அது ரொம்ப மொக்கையான ஆளு. ஃபைல், ஃபோல்டர், ஃபேட்32 மாதிரி ஃபைல் அடுக்குற முறை, எதுவும் அதுக்கு தெரியாது. டிஸ்கோட முதல் செக்டர், அதாவது முதல் 512 பைட்டை படிக்கும், கடைசி ரெண்டு பைட்ல 55, ஏஏ னு முத்திரை இருக்கான்னு பாக்கும், இருந்தா அங்க இருக்குற கோடை அப்படியே ஓட்டும், அவ்ளோதான். அந்த 512ல பார்ட்டிஷன் டேபிள் (டிஸ்கை எப்படி பிரிச்சிருக்குன்னு சொல்ற பட்டியல்) 64 பைட், முத்திரை 2 பைட், மிச்சம் 446 பைட்தான் கோடுக்கு. அந்த 446 பைட்டுக்குள்ள ஆரம்பிச்சு ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே இழுத்துட்டு வரணும். இப்ப நீங்க காப்பி பேஸ்ட் பண்ணும்போது ஐஎஸ்ஓ ஒரு சினிமா ஃபைல் மாதிரி பென்டிரைவ்ல எங்கயோ நடுவுல போய் உக்காந்துக்கும். பூட் பண்ண வேண்டிய கோடு அந்த ஃபைலுக்கு உள்ள இருக்கு, பயாஸோ ஃபைலையே பாக்காது. வீட்டு சாவியை வீட்டுக்குள்ள வச்சு கதவை சாத்துன கதைதான்.

எழுதறதுன்னா ஐஎஸ்ஓவோட முதல் பைட் பென்டிரைவோட முதல் பைட்டா போகணும், ரெண்டாவது ரெண்டாவதா, அப்படியே அச்சு எடுத்த மாதிரி. ஆனா ஐஎஸ்ஓங்கறது சிடிக்காக வந்த ஃபார்மேட் ஆச்சே, சிடி பூட் ஆகுற முறையே வேற, 1995ல ஐபிஎம்மும் ஃபீனிக்ஸும் சேந்து போட்ட எல் டொரிட்டோங்கற விதிப்படி அது நடக்கும் (அந்த இன்ஜினியருங்க சாப்பிட போன ஓட்டல் பேரைத்தான் வச்சுட்டாங்கன்னு சொல்லுவாங்க). அப்புறம் அது எப்படி பென்டிரைவ்ல பூட் ஆகும்? சிடி ஃபார்மேட்ல முதல் 32 கேபி இடத்தை யாரும் தொடாம காலியா விட்டு வச்சிருந்தாங்க. லினக்ஸ் ஆளுங்க அந்த காலி இடத்துல ஹார்ட் டிஸ்குக்கான பூட் கோடையும் பார்ட்டிஷன் டேபிளையும் சொருகிட்டாங்க. சிடில எழுதினா சிடி மாதிரி நடந்துக்கும், பென்டிரைவ்ல எழுதினா ஹார்ட் டிஸ்க் மாதிரி நடந்துக்கும். இதுக்கு ஐஎஸ்ஓ ஹைபிரிட்னு பேரு. இன்னிக்கு வர்ற லினக்ஸ் ஐஎஸ்ஓ கிட்டத்தட்ட எல்லாமே இப்படித்தான். விண்டோஸ் ஐஎஸ்ஓ இப்படி கிடையாது, அதனால அதை அப்படியே அச்சடிச்சா பூட் ஆகாது, அதுக்கு வேற வழி.

"ஆனா யூடியூப்ல ஒருத்தர் ஐஎஸ்ஓவ எக்ஸ்ட்ராக்ட் பண்ணி பென்டிரைவ்ல போட்டாரு, ஓடுச்சே"ன்னு கேப்பீங்க. ஓடும், அவர் மெஷின் யூஇஎஃப்ஐ, அதாவது பயாஸுக்கு பதிலா புது மெஷின்ல வர்றது. அது பயாஸ விட படிச்ச பிள்ளை, ஃபேட்32 தெரியும், இஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள பூட் ஃபோல்டர், அதுக்குள்ள ஒரு குறிப்பிட்ட பேர்ல ஃபைல் இருந்தா தானே எடுத்து ஓட்டிக்கும். உங்களது விண்டோஸ் 7 காலத்து மெஷின், பெரும்பாலும் பயாஸ்தான், அந்த வித்தை செல்லாது.

சரி, எழுதறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பாத்துடுங்க, பிராசஸர் 64 பிட்டா 32 பிட்டா. இங்க நிறைய பேர் ஏமாறுவாங்க, ஏன்னா மை கம்ப்யூட்டர்ல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் போனா "32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்"னு காட்டும், உடனே ஐயோ நம்மளது 32 பிட்னு முடிவு பண்ணிடுவாங்க. அது விண்டோஸ் எத்தனை பிட்னு மட்டும்தான் சொல்லுது. 2 ஜிபி ரேம் மெஷின்ல 32 பிட் விண்டோஸ் போட்டு குடுக்குறது அப்ப சகஜம். கன்ட்ரோல் பேனல்ல "பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன் அண்ட் டூல்ஸ்"னு ஒண்ணு இருக்கும், அதுல டீட்டெயில்ஸ் பாக்குற லிங்கை அமுக்கினா "64 பிட் கேப்பபிள், எஸ்"னு வருதான்னு பாருங்க. 2011க்கு அப்புறம் வந்த லேப்டாப்னா கண்டிப்பா எஸ்னுதான் வரும்னு நினைக்கிறேன், இருந்தாலும் பாத்துக்கறது நல்லது. 32 பிட் பிராசஸர்ல 64 பிட் ஐஎஸ்ஓ போட்டா "இந்த கெர்னலுக்கு எக்ஸ்86-64 சிபியூ வேணும், ஐ686 தான் இருக்கு"ன்னு ஒரு வரி காட்டிட்டு நின்னுடும், ஒண்ணும் கெட்டுப்போகாது.

எந்த லினக்ஸ்ங்கறதுல மட்டும் ஒரு வாரம் உக்காந்து வீடியோ பாக்காதீங்க, நான் பாத்தவரைக்கும் ஆளுங்க நேரத்தை தொலைக்கிறது அங்கதான். 2 ஜிபி ரேமுக்கு என்னோட ஓட்டு ஆன்டிக்ஸ். டெபியன்ங்கற பெரிய லினக்ஸ்தான் அடிப்படை, ஆனா சிஸ்டம்டி (பூட் ஆனதும் பின்னாடி ஓடற வேலையெல்லாம் பாத்துக்குற பெரிய புரோகிராம்) கிடையாது, பெரிய டெஸ்க்டாப் கிடையாது, ஐஸ்டபிள்யூஎம்னு ஒரு சின்ன விண்டோ மேனேஜர், ஆன் பண்ணி சும்மா விட்டா 200 எம்பி பக்கம்தான் ரேம் எடுக்கும். பாக்க கொஞ்சம் 2003ம் வருஷத்து பிரவுசிங் சென்டர் மாதிரி இருக்கும், அழகு வேணும்னா அதே குடும்பத்துல எம்எக்ஸ் லினக்ஸ் இருக்கு, எக்ஸ்எஃப்சிஇங்கற டெஸ்க்டாப் போட்டது, 4 ஜிபி ரேம் இருந்தா அதையே சொல்லியிருப்பேன். பப்பி லினக்ஸ் தனி ரகம். ஆஸ்திரேலியாக்காரர் பேரி காலர் 2003ல ஆரம்பிச்சது, முழு சிஸ்டமும் ரேமுக்குள்ள ஏறிடும், பென்டிரைவை கழட்டி பாக்கெட்ல போட்டுட்டு கூட வேலை பாக்கலாம், ஹார்ட் டிஸ்க் செத்துப்போன மெஷினுக்கு அதுதான் தெய்வம். ஆனா எப்பவும் எல்லா அதிகாரமும் இருக்குற ரூட் யூசராவே ஓடும், சேவ் ஃபைல்னு ஒரு தனி முறை, புதுசா வர்றவங்களுக்கு குழப்பம். டைனி கோர் 20 எம்பி சொச்சம்தான், கேக்க ஜாலியா இருக்கும், உள்ள போனா பிரவுசர்ல இருந்து எல்லாத்தையும் நீங்களே தேடி போடணும். லுபுண்டு ஒரு காலத்துல இந்த லிஸ்ட்ல முதல்ல இருந்தது, 18.10ல எல்எக்ஸ்கியூடிங்கற டெஸ்க்டாப்புக்கு மாறினப்பவே பழைய மெஷின் எங்க குறி இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

ஒரு சின்ன வேடிக்கை. டேம் ஸ்மால் லினக்ஸ்னு ஒண்ணு இருந்தது, விசிட்டிங் கார்டு சைஸ் சிடில அடங்கணும்னு 50 எம்பி தாண்டவே கூடாதுன்னு பிடிவாதமா இருந்தாங்க. பல வருஷம் தூங்கிட்டு 2024ல திரும்பி வந்தது, இப்ப 700 எம்பி, ஆன்டிக்ஸ் மேல கட்டினது. லைட்டுங்கற வார்த்தைக்கே வெயிட் ஏறிப்போச்சு. 32 பிட் ஆளுங்களுக்கு இன்னும் சிரமம், 2025ல வந்த டெபியன் 13ல 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே கிடையாது, அதனால நிஜமான 32 பிட் பிராசஸர் வச்சிருக்கவங்க டெபியன் 12 மேல வந்த ஆன்டிக்ஸ் 23 பக்கம் பாத்துக்கலாம்.

டவுன்லோட் பண்ணதும் செக்சம் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) பாருங்க. எல்லாரும் தாண்டிப் போற ஸ்டெப் இது. மொபைல் டேட்டால ஒன்றரை ஜிபி இறக்கும்போது நடுவுல கட் ஆகி திரும்ப சேந்து கடைசில ஒரு துண்டு குறைஞ்சிருக்கும், ஃபைல் பாக்க முழுசா இருக்கும், பூட்டும் ஆகும், இன்ஸ்டால் 70 சதவீதத்துல நிக்கும், நீங்க பென்டிரைவை திட்டுவீங்க. விண்டோஸ்லயே செர்ட்யூட்டில்னு ஒரு கமாண்ட் இருக்கு, ஹேஷ்ஃபைல்னு சொல்லி ஐஎஸ்ஓ பேரு குடுத்து கடைசில எஸ்எச்ஏ256 போட்டா நீளமா ஒரு எண் வரும், டவுன்லோட் பேஜ்ல குடுத்திருக்கறதோட முதல் ஆறு எழுத்து கடைசி ஆறு எழுத்து பொருந்துதான்னு பாத்தா போதும். இது ஃபைல் உடையாம வந்துச்சான்னு பாக்க மட்டும்தான், யாராவது விஷமம் பண்ணியிருக்காங்களான்னு பாக்க போதாது. 2016 பிப்ரவரில லினக்ஸ் மின்ட் சைட்டையே ஹேக் பண்ணி பின்வாசல் வச்ச ஐஎஸ்ஓவுக்கு லிங்கை திருப்பி விட்டாங்க. சைட்டையே பிடிச்சவன் பக்கத்துல இருக்குற செக்சமை மாத்த எவ்ளோ நேரம் ஆகும்? அதுக்குத்தான் செஞ்சவங்களே குடுத்ததான்னு காட்டுற ஜிபிஜி கையெழுத்துன்னு ஒண்ணு தனியா இருக்கு, கத்துக்க ஆசை இருந்தா கத்துக்கோங்க. குறைஞ்சபட்சம் டெலிகிராம்ல எவனோ போட்ட ஐஎஸ்ஓவ எடுக்காதீங்க.

இப்ப எழுதறது. விண்டோஸ்ல ரூஃபஸ்னு ஒரு புரோகிராம். இன்ஸ்டால் பண்ணவே வேணாம், ஒத்த ஃபைல், டபுள் கிளிக் பண்ணா ஓடும். ஆனா உங்களுக்கு ஒரு கொக்கி இருக்கு, ரூஃபஸ் 4ல இருந்து விண்டோஸ் 8க்கு மேலதான் ஓடும், விண்டோஸ் 7க்கு கடைசியா வந்தது 3.22, அவங்க சைட்லயே பழைய வெர்ஷன் லிஸ்ட்ல கிடைக்கும். பென்டிரைவ்ல இருக்குறது எல்லாம் அழிஞ்சுடும், கல்யாண வீடியோ எதாவது இருந்தா இப்பவே எடுத்துடுங்க. மேல டிவைஸ்ல உங்க பென்டிரைவ்தான் இருக்கான்னு சைஸை வச்சு பாருங்க, செலக்ட் அமுக்கி ஐஎஸ்ஓவ காட்டுங்க, பார்ட்டிஷன் ஸ்கீம் எம்பிஆர் (பழைய பயாஸுக்கான முறை, ஜிபிடி புதுசு), ஸ்டார்ட். உடனே ஒரு கேள்வி கேக்கும், இது ஐஎஸ்ஓ ஹைபிரிட், ஐஎஸ்ஓ மோட்ல எழுதட்டுமா டிடி மோட்ல எழுதட்டுமான்னு. ஐஎஸ்ஓ மோட்னா ரூஃபஸ் ஃபைலை எல்லாம் பிரிச்சு போட்டு தன்னோட பூட்லோடரை (சிஸ்டத்தை ஏத்தி விடுற குட்டி புரோகிராம்) வைக்கும், டிடி மோட்னா நான் மேல சொன்ன மாதிரி பைட்டுக்கு பைட் அச்சு. ஆன்டிக்ஸ், எம்எக்ஸ் ரெண்டுக்கும் டிடி மோட் போடுங்க. அதை போட்டா மேல நீங்க தேர்ந்தெடுத்த எம்பிஆர், ஜிபிடி எதுவும் கணக்குலயே வராது, ஐஎஸ்ஓக்குள்ள இருக்குறது அப்படியே இறங்கும், அதனால அங்க எதை தொட்டோம்னு பயப்பட வேணாம்.

முடிஞ்சதும் விண்டோஸ் "இந்த டிஸ்கை ஃபார்மேட் பண்ணணும்"னு கேட்டுட்டு ஒரு டப்பா காட்டலாம். கேன்சல். இங்க ஓகே அமுக்கி அழிச்சுட்டு திரும்ப ரூஃபஸ் ஓட்டி திரும்ப ஓகே அமுக்கி, மூணு ரவுண்டு சுத்துன ஒருத்தரை எனக்கு தெரியும். அதே மாதிரி 16 ஜிபி பென்டிரைவ் திடீர்னு சின்னதா காட்டினா பதறாதீங்க, அந்த அச்சோட அளவைத்தான் விண்டோஸ் காட்டுது, வேலை முடிஞ்சப்புறம் விண்டோஸோட டிஸ்க்பார்ட் கமாண்ட்ல கிளீன் பண்ணி புதுசா பார்ட்டிஷன் போட்டு ஃபார்மேட் பண்ணா பழைய சைஸ் வந்துடும். டிஸ்க்பார்ட்ல மட்டும் எந்த டிஸ்க் நம்பர்னு ரெண்டு தடவை பாத்துட்டு அமுக்குங்க, டிஸ்க் 0 பெரும்பாலும் உங்க ஹார்ட் டிஸ்க்.

அந்த நம்பர் விஷயத்துல நான் அடிபட்டவன். 2014ல லினக்ஸ்ல டிடி கமாண்ட் வச்சு பென்டிரைவ் பண்ணிட்டு இருந்தேன். ஐஎஃப்ங்கற இடத்துல எதுல இருந்து, ஓஎஃப்ங்கற இடத்துல எதுக்கு, அவ்ளோதான் அந்த கமாண்ட், நிச்சயமான்னு ஒரு கேள்வி கூட கேக்காது. லினக்ஸ் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு பேர் வைக்கும், எப்பவும் பென்டிரைவ் எஸ்டிபினு வரும், அந்த பழக்கத்துல எஸ்டிபினு அடிச்சேன். அன்னிக்கு பாத்து 500 ஜிபி வெளி ஹார்ட் டிஸ்கும் சொருகியிருந்தது, எஸ்டிபி அது, பென்டிரைவ் எஸ்டிசி. பென்டிரைவ்ல லைட் எரியலையேன்னு பாக்கறதுக்குள்ள ஐஎஸ்ஓ முழுசா இறங்கிடுச்சு. அழிஞ்ச ஃபைலை மீட்கற ஃபோட்டோரெக் வச்சு நிறைய படம் திரும்ப எடுத்தேன், ஆனா ஃபைல் பேரெல்லாம் போச்சு, எஃப்னு ஆரம்பிச்சு ஏழெட்டு நம்பரோட ஆயிரக்கணக்குல ஃபைல், இன்னிக்கு வரைக்கும் பிரிச்சு முடிக்கல. டிடிக்கு டிஸ்க் டெஸ்ட்ராயர்னு பட்டப்பேரு இருக்கறது அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுல இருந்து டிஸ்க் லிஸ்ட் காட்டுற எல்எஸ்பிஎல்கே அடிச்சு சைஸ் பாக்காம டிடி பக்கம் போறதில்ல, வேற டிஸ்க் இருந்தா கழட்டியே வச்சுடுவேன்.

அந்த லேப்டாப்பே ஓட மாட்டேங்குது, வீட்ல வேற கம்ப்யூட்டர் இல்லன்னா? ஆண்ட்ராய்டு ஃபோன் போதும். எட்ச்டிராய்டுனு ஒரு ஆப் இருக்கு, ரூட் எல்லாம் வேணாம், ஓடிஜி கேபிள்ல பென்டிரைவை ஃபோன்ல சொருகி ஐஎஸ்ஓவ தேர்ந்தெடுத்தா அதே அச்சு வேலையை செஞ்சு குடுத்துடும். லினக்ஸ் ஐஎஸ்ஓக்கு மட்டும்தான், விண்டோஸுக்கு ஆகாது. ஃபோன்ல சார்ஜ் பாதிக்கு மேல இருக்கட்டும்.

வென்டாய் பத்தி சொல்லலைன்னா யாராவது வந்து கேப்பாங்க. 2020ல வந்தது, பென்டிரைவ்ல ஒரு தடவை வென்டாயை ஏத்திட்டா அப்புறம் நீங்க பண்ண அதே காப்பி பேஸ்ட்தான், ஐஎஸ்ஓவ அப்படியே ஃபைலா போட்டு விட்டா பூட் ஆகும்போது மெனுல பேர் வரும், பத்து ஐஎஸ்ஓ போட்டா பத்தும் வரும். மேல சொன்ன பூட்டுன வீட்டு கதைக்கு அது வாசல்ல ஒரு வாட்ச்மேனை நிறுத்தி வைக்குதுன்னு வச்சுக்கோங்க. எது ஒத்துவரும்னு நாலஞ்சு லினக்ஸ் ஓட்டி பாக்கணும்னா இதுதான் சரி. ஒரே ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணப்போறீங்கன்னா ரூஃபஸ் போதும், நடுவுல ஒரு அடுக்கு குறையும், பிரச்சினை வந்தா தேடறது சுலபம்.

பென்டிரைவைப் பத்தி ஒரு வார்த்தை. ரோட்டோரத்துல 64 ஜிபினு சல்லிசா கிடைக்கும், நானும் வாங்கினேன். வென்டாய் போட்டேன், முதல் ஐஎஸ்ஓ பூட் ஆச்சு, ரெண்டு, மூணு ஓகே, நாலாவது மட்டும் பாதில உடையுது. ஐஎஸ்ஓவ மூணு தடவை டவுன்லோட் பண்ணி பாத்தேன். கடைசில எச்2டெஸ்ட்டபிள்யூ வச்சு சோதிச்சா நிஜமா உள்ள இருக்குறது 8 ஜிபி, மேல போறதெல்லாம் காத்துல எழுதுது. புது பென்டிரைவ்னா ஒரு தடவை அந்த டூல்ல முழுசா ஓட்டிப் பாத்துடுங்க, லினக்ஸ்ல எஃப்3னு இருக்கு.

இப்ப பூட். லேப்டாப்பை முழுசா ஆஃப் பண்ணி பென்டிரைவை சொருகி ஆன் பண்ண உடனே பூட் மெனு கீயை தட்டிக்கிட்டே இருங்க. லெனோவோ, டெல், ஏசர் எல்லாம் எஃப்12, எச்பினா எஃப்9 இல்ல எஸ்கேப், அசூஸ் லேப்டாப்னா எஸ்கேப். ஏசர் சிலதுல மட்டும் எஃப்12 தட்டினா ஒண்ணுமே வராது, பயாஸ் உள்ள போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் பண்ணணும், இது தெரியாம கீபோர்டையே சந்தேகப்பட்டவங்க உண்டு. நீல கலர் யூஎஸ்பி 3 போர்ட்ல சொருகி வரலைன்னா கருப்பு போர்ட்ல மாத்துங்க, பழைய பயாஸ் சிலதுக்கு 3ல இருந்து பூட் பண்ண தெரியாது. மெனுல பென்டிரைவ் பேர் ரெண்டு தடவை வந்து ஒண்ணுல யூஇஎஃப்ஐனு முன்னாடி போட்டிருந்தா மெஷின் ரெண்டு வழியும் தெரிஞ்சதுன்னு அர்த்தம், இருக்குற விண்டோஸ் எந்த வழில இருக்கோ அதையே எடுங்க. ஒண்ணு பயாஸ் வழில, ஒண்ணு யூஇஎஃப்ஐ வழில இன்ஸ்டால் ஆச்சுன்னா ரெண்டும் ஒரே மெனுல வர்றது கஷ்டம்.

இதே பதிலை விண்டோஸ் 10, 11 இருக்குற புது லேப்டாப்காரங்க படிச்சா அவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. செக்யூர் பூட்டை (கையெழுத்து இல்லாத சிஸ்டத்தை பூட் ஆக விடாத காவல்) ஆஃப் பண்றதுக்கு முன்னாடி பிட்லாக்கர் (டிஸ்கை பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த 48 நம்பர் ரெக்கவரி கீயை எழுதி வச்சுட்டு தொடுங்க, இல்லன்னா அடுத்த தடவை விண்டோஸ் கதவை சாத்திக்கும். அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் பண்ணுங்க, அது இருந்தா ஷட் டவுன் பண்ணாலும் விண்டோஸ் பாதி தூக்கத்துலதான் இருக்கும், லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவ்ல எழுத முடியாது.

ஆன்டிக்ஸ் மெனு வந்ததும் முதல் வரிலயே என்டர் தட்டுங்க. ஸ்கிரீன் கருப்பா நின்னுட்டா ரீஸ்டார்ட் பண்ணி சேஃப் வீடியோ மாதிரி இருக்குற வரியை எடுங்க, இல்ல பூட் வரில நோமோட்செட்னு சேத்து பாருங்க, பெரும்பாலும் கிராஃபிக்ஸ் தகராறுதான். டெஸ்க்டாப் வந்துடுச்சா, உடனே இன்ஸ்டால் பட்டனை அமுக்காதீங்க. இது லைவ், ஹார்ட் டிஸ்கை இன்னும் தொடவே இல்ல. ஒரு நாள் முழுக்க இதுலயே ஓட்டுங்க. வைஃபை வருதா, சவுண்டு வருதா, டச்பேட் வேலை செய்யுதா, மூடிட்டு திறந்தா எழுந்துக்குதான்னு பாருங்க. பென்டிரைவ்ல இருந்து ஓடறதால கொஞ்சம் இழுக்கும், யூஎஸ்பி 2 வேகம் அவ்ளோதான், ஹார்ட் டிஸ்குக்கு போனா சரியாகும். வைஃபை வரலைன்னா உள்ள பிராட்காம் சிப் இருக்கலாம், அதுங்கதான் வழக்கமா வம்பு பண்ணும், டிரைவர் தனியா போடணும். டிரைவர் போட நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும், இந்த முட்டை கோழி கதைக்கு ஃபோனை யூஎஸ்பி கேபிள்ல சொருகி டெதரிங் ஆன் பண்ணுங்க, ஒயர்ல நெட் வந்த மாதிரி தானா எடுத்துக்கும்.

நெட் வருது ஆனா எந்த சைட் போனாலும் செர்டிஃபிகேட் எரர்னு வந்தா தேதியை பாருங்க. வருஷக்கணக்கா பீரோவுல தூங்குன லேப்டாப்ல உள்ள பட்டன் பேட்டரி செத்திருக்கும், வருஷம் பழைய காலத்துக்கு போய் நிக்கும். தேதியை சரி பண்ணா எல்லாம் திறக்கும், நிரந்தரமா தீரணும்னா அந்த பேட்டரியை மாத்திடுங்க, பெரும்பாலும் சிஆர்2032தான், வாட்ச் கடைலயே கிடைக்கும்.

லைவ்ல இருக்கும்போதே விண்டோஸ் டிரைவை திறந்து அக்காவோட ஃபோட்டோ, பழைய சர்டிஃபிகேட் ஸ்கேன் எல்லாத்தையும் வேற இடத்துக்கு எடுத்துடுங்க. உங்க லேப்டாப்ல இன்னொரு ஆச்சரியமும் இருக்கலாம். 2011ல ஆரம்பிச்ச அந்த திட்டத்துல குடுத்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேத்து போட்டு குடுத்தாங்க, மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் சி-டாக் பண்ண டெபியன் அடிப்படை சிஸ்டம். உங்க மெஷின்லயே ஒரு லினக்ஸ் இத்தனை வருஷமா யாரும் திறக்காம இருந்திருக்கும். பார்ட்டிஷன் பிரிக்கும்போது இஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபார்மேட்) மாதிரி எதாவது ஒரு பார்ட்டிஷன் ஏற்கனவே இருந்தா அது அந்த பாஸ் லினக்ஸா இருக்கலாம், உள்ள உங்க ஃபைல் எதுவும் இல்லன்னு பாத்துட்டு அந்த இடத்துலயே ஆன்டிக்ஸை போட்டா விண்டோஸை தொட வேண்டிய அவசியமே வராது.

இன்ஸ்டால் பண்ணும்போது ஒரே ஒரு கேள்வில கவனம் போதும், கிரப் பூட்லோடரை எங்க வைக்கிறதுன்னு கேக்கும். ஹார்ட் டிஸ்க்ல வைக்கணும். பென்டிரைவ்ல வச்சுட்டா பென்டிரைவ் சொருகினாதான் லேப்டாப் பூட் ஆகும், கழட்டினா ஆகாது, "லினக்ஸ் போட்டேன், பென்டிரைவ் இல்லாம வர மாட்டேங்குது"ன்னு புலம்பறவங்க பாதி பேர் கதை இதுதான்.

இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லயே காலம் தள்ளணும்னாலும் வழி இருக்கு, ஆன்டிக்ஸ் உள்ளயே லைவ் யூஎஸ்பி மேக்கர்னு ஒரு டூல் இருக்கு, அதுல இன்னொரு பென்டிரைவ் பண்ணி பெர்சிஸ்டன்ஸ் ஆன் பண்ணா நீங்க போட்ட செட்டிங்ஸ், ஃபைல் எல்லாம் பென்டிரைவ்லயே தங்கும். ரூஃபஸ் டிடி மோட்ல பண்ண பென்டிரைவை விட இது நல்லா இருக்கும். ஆனா பென்டிரைவ் தினமும் எழுதி அழிக்கறதுக்காக செஞ்சது இல்ல, ஒரு நாள் சொல்லாம போயிடும், முக்கியமானத வேற எங்கயாவது வச்சுக்கோங்க.

எதிர்பார்ப்பையும் சொல்லிடறேன். இதெல்லாம் பண்ணப்புறம் டெஸ்க்டாப் சுறுசுறுப்பா இருக்கும், ரைட்டர்ல (வேர்டு மாதிரி) டைப் பண்றது, பாட்டு, படம், பிடிஎஃப் எல்லாம் ஓகே. பிரவுசர் திறந்ததும் பழைய கதை கொஞ்சம் எட்டிப் பாக்கும், ஏன்னா இன்னிக்கு ரேம் தின்றது ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்ல, வெப் பேஜ்தான். ரெண்டு மூணு டேப், யூடியூப் 480பி, அதுக்கு மேல கேட்டா மூச்சு வாங்கும். காசு கொஞ்சம் இருந்தா முதல்ல ஹார்ட் டிஸ்கை கழட்டிட்டு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு போடுங்க, சின்னது போதும். அதுக்கப்புறம் பழைய டிடிஆர்3 ரேம் 4 ஜிபி. என்னை கேட்டா எந்த லினக்ஸ்ங்கற சண்டைய விட இந்த எஸ்எஸ்டி பத்து மடங்கு வித்தியாசம் காட்டும்.

இன்ஸ்டால் ஆனதும் தமிழ் சைட் திறந்தா கட்டம் கட்டமா வரலாம். ஃபான்ட் இல்ல, அவ்ளோதான். பேக்கேஜ் லிஸ்ட்ல நோட்டோ இல்ல லோகித் தமிழ்னு தேடி போட்டா எழுத்து வந்துடும். டைப் பண்ண ஐபஸ்ஸும் அதோட எம்17என் பேக்கேஜும் போடுங்க, உள்ள தமிழ்99, ஃபொனெட்டிக் ரெண்டும் இருக்கும். அக்கா ஸ்கூல்ல தமிழ்99 பழகியிருந்தா கை தானா போகும், இல்லன்னா ஃபொனெட்டிக்ல ஆரம்பிங்க. முதல்ல அந்த 64 பிட் விஷயத்தை பாத்துட்டு ரூஃபஸ் 3.22 ஓட்டுங்க, பூட் மெனுல எதாவது புரியாத வரி வந்தா அதை அப்படியே ஃபோட்டோ எடுத்து காட்டுங்க, பாத்து சொல்றேன்.